ஓமின் விதியும் லயத்தின் இருளும்

விஞ்ஞான விதிகளுக்குச் சாதியில்லை, வர்க்கமில்லை என்று நாம் வகுப்பறையில் சொல்லிக்கொடுக்கிறோம். அது உண்மையே. ஒரு செம்புக் கம்பியின் இரு முனைகளுக்கிடையே குறிப்பிட்ட மின்னழுத்தத்தைக் கொடுத்தால், அக்கம்பி துரையின் பங்களாவில் இருப்பினும் தொழிலாளியின் லயக் காம்பராவில் இருப்பினும் ஒரே அளவு மின்னோட்டந்தான் அதனூடாகப் பாயும். ஆனால் அக்கம்பி பங்களாவுக்கு எப்போது வந்தது, லயத்துக்கு எப்போது வந்தது என்று கேட்கப் புகுவோமாயின், விடை பௌதிகப் புத்தகத்தில் கிடைக்காது. அதனைச் சரித்திரத்தில்தான் தேட வேண்டும்.

ஊவா மாகாணத்து ஹல்துமுல்லைப் பகுதி இக்கேள்வியை எழுப்புவதற்கு மிகப் பொருத்தமான இடம். அப்புத்தளை மலைத்தொடரின் தென்புறச் சரிவிலே, கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் பெருந்தெரு மலையேறும் வளைவுகளில் அமைந்த ஊர் அது. மேலே தேயிலை, கீழே வெகுதூரம் வரை விரிந்து கிடக்கும் தாழ்நிலம். மலையில் பெய்யும் மழை ஒருபுறம் வளவை கங்கையை நோக்கியும், மறுபுறம் கொஸ்லந்தைப் பக்கமாகக் கிரிந்தி ஓயாவை நோக்கியும் பாய்ந்து இறங்குகிறது. உயரமும் நீரும் ஒருங்கே அமைந்த இடம் மின்வலுவின் பிறப்பிடம். அவ்வாறிருக்க, அந்த நீரோடைகளின் அருகிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்கள் ஏன் குப்பி விளக்கின் புகையில் வாழ நேர்ந்தது? இக்கட்டுரை ஆராய முற்படுவது இதனையே.

நீர்வீழ்ச்சி சொல்லும் பாடம்

மின்னழுத்தம், மின்னோட்டம், தடை, வலு என்னும் நான்கு சொற்களும் மாணவரை மிரட்டுவதற்காக ஏற்பட்டவையல்ல. கொஸ்லந்தைக்கு அப்பால் தியலும நீர்வீழ்ச்சியைக் கண்ட எவருக்கும் அவற்றின் பொருள் பாதி விளங்கிவிடும். அந்நீர்வீழ்ச்சியின் உயரம் ஏறத்தாழ 220 மீற்றர். அவ்வளவு உயரத்திலிருந்து விநாடிக்கு ஒரு லீற்றர் நீர் மட்டும் விழுவதாகக் கொள்வோம். ஒரு லீற்றர் நீரின் திணிவு ஒரு கிலோகிராம். புவியீர்ப்பின் அளவாகிய 9.8ஐ 220ஆற் பெருக்கினால் 2,156 கிடைக்கும். அதாவது அந்தச் சிறு தாரை விநாடிக்கு 2,156 ஜூல் சக்தியைக் கீழே கொண்டு வருகிறது. விநாடிக்கு ஒரு ஜூல் என்பதே ஒரு வாற்று. எனவே அதன் வலு 2,156 வாற்று.

இரண்டு மடங்கு நீர் விழுந்தால் வலு இரண்டு மடங்காகும். இரண்டு மடங்கு உயரத்திலிருந்து விழுந்தாலும் வலு இரண்டு மடங்காகும். உயரத்தையும் பாய்ச்சலையும் பெருக்குவதே நீரின் கணக்கு. மின்சாரத்திலும் இதே கணக்குத்தான். அங்கே உயரத்தின் இடத்தில் மின்னழுத்தம். அதன் அலகு வோல்ற்று. பாய்ச்சலின் இடத்தில் மின்னோட்டம். அதன் அலகு அம்பியர். வோல்ற்றை அம்பியராற் பெருக்கினால் வாற்று. ஓர் அடுப்பின் முனைகளில் 230 வோல்ற்று அழுத்தமும் அதனூடாக 4.35 அம்பியர் ஓட்டமும் அளக்கப்படுமாயின், அதன் வலு ஏறக்குறைய 1,000 வாற்று. அதாவது ஒரு கிலோவாற்று.

தடை என்பது என்ன? தோட்டத்துப் பீலியில் நீர் பிடித்தவர்களுக்கு அதுவும் தெரிந்த விஷயமே. ஊற்று எவ்வளவு உயரத்திலிருந்தாலும், நீரைக் கொண்டுவரும் குழாய் நீண்டும் ஒடுங்கியும் இருந்தால் பீலியில் நீர் சொட்டுச் சொட்டாகவே விழும். மின்கம்பியும் அப்படித்தான். கம்பி நீள நீள அதன் தடை மிகும்; தடிக்கத் தடிக்கத் தடை குறையும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை கிடைக்கும். அதன் அலகு ஓம். மேற்சொன்ன அடுப்பில் 230ஐ 4.35ஆல் வகுத்தால் ஏறத்தாழ 53 ஓம். இவ்வாறு இரண்டு அளவுகளைக் கொண்டு மற்ற இரண்டையும் கண்டுவிடலாம். நமது வீடுகளில் ஓடுவது திசை மாறி மாறிப் பாயும் ஆடலோட்டமாயினும், அடுப்புக்கும் இழைவிளக்குக்கும் இக்கணக்கு அப்படியே பொருந்தும்.

இன்று ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒரு வரியில் எழுதிவிடும் இவ்விதி, ஒரு மனிதனின் வாழ்நாட் போராட்டத்தின் விளைவாகும்.

பூட்டுத் தொழிலாளியின் மகன்

ஜோர்ஜ் சைமன் ஓம் 1789ஆம் ஆண்டில் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரிலே பிறந்தார். தந்தை பூட்டுச் செய்யும் தொழிலாளி. பள்ளிப் படிப்பு அதிகமில்லாத அம்மனிதர் தாமாகவே கணிதம் கற்று, தம் புதல்வர்களுக்கும் கற்பித்தார். மகன் வளர்ந்து கொலோன் நகரத்து உயர்தரப் பாடசாலையொன்றில் கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் ஆசிரியரானார். நாள் முழுதும் பாடம். எஞ்சிய நேரத்தில் பாடசாலையின் ஆய்வுகூடத்தில் கம்பிகளும் காந்த ஊசியும். அவருடைய ஆராய்ச்சி இவ்வாறுதான் நடந்தது.

அக்காலத்து மின்கலங்கள் நிலையான அழுத்தத்தைக் கொடுப்பனவல்ல. அளந்துகொண்டிருக்கும்போதே அவை சோர்ந்துவிடும். இத்தொல்லையைத் தீர்க்க ஓம் கையாண்ட வழி எளிமையும் நுட்பமும் வாய்ந்தது. வெவ்வேறு உலோகங்கள் இரண்டை இணைத்து, ஓர் இணைப்பைச் சூடாகவும் மற்றதைக் குளிராகவும் வைத்தால் மின்னோட்டம் உண்டாகும் என்பதை 1821ஆம் ஆண்டில் ஸீபெக் கண்டறிந்திருந்தார். ஓம் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். கொதிநீரின் வெப்பநிலையும் உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலையும் மாறாதவை. ஆகையால் மின்னழுத்தமும் மாறாது நின்றது. பின்னர் வெவ்வேறு நீளமுள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து, காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தார். கம்பி நீளும்போது ஓட்டம் எவ்வாறு குறைகிறது என்பது ஓர் ஒழுங்கான சூத்திரமாக அவர் கைக்கு வந்தது. 1826ஆம் ஆண்டில் அளவுகளை வெளியிட்டார். 1827ஆம் ஆண்டில் பெர்லினில் அவருடைய நூல் வெளிவந்தது.

அதற்குக் கிடைத்த வரவேற்பு யாது? பெரும்பாலும் மௌனம், மௌனம் கலைந்த இடத்தில் ஏளனம். ஹெகலின் சிந்தனை மரபைச் சார்ந்த பெர்லின் விமர்சன ஏடொன்றில் 1828ஆம் ஆண்டில் போல் என்னும் பேராசிரியர் அந்நூலைக் கடுமையாகக் கண்டித்தார். இயற்கையின் உட்பொருளைத் தத்துவத்தால் ஆராய வேண்டிய இடத்தில், கம்பியின் நீளத்தையும் ஊசியின் கோணத்தையும் வைத்துக் கணக்குப் போடுவது அத்தகையோருக்குச் சிறுமையாகத் தோன்றியது. பல்கலைக்கழகப் பதவியை எதிர்பார்த்திருந்த ஓம் பாடசாலை வேலையையும் துறந்து, சில ஆண்டுகள் நிலையான பதவியின்றிக் காலங்கழித்தார். 1833ஆம் ஆண்டில்தான் நியூரெம்பேர்க் தொழில்நுட்பப் பாடசாலையில் அவருக்கு இடங்கிடைத்தது. இலண்டன் ரோயல் சங்கம் 1841ஆம் ஆண்டில் கொப்லி பதக்கம் வழங்கிய பிறகே தாயகமும் அவரைத் திரும்பிப் பார்த்தது. மியூனிக் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராகும்போது அவருக்கு அறுபது கடந்துவிட்டது. 1854ஆம் ஆண்டில் காலமானார். 1881ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் கூடிய சர்வதேச மின் மாநாடு தடையின் அலகுக்கு அவர் பெயரைச் சூட்டியது.

இங்கே இன்னொருவரையும் நினைவுகூர வேண்டும். இவ்விதியை ஓமுக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் கண்டிருந்தார். இங்கிலாந்தின் பெருஞ்செல்வக் குடும்பத்திற் பிறந்த ஹென்றி கவெண்டிஷ், 1781ஆம் ஆண்டளவில், தம் உடலினூடாக மின்னதிர்ச்சியைச் செலுத்தி அதன் கடுமையை ஒப்பிட்டே இவ்வுண்மையை அறிந்தார். ஆனால் எழுதி வைத்த தாள்கள் பெட்டியிலேயே உறங்கின. பிற்காலத்தில் மாக்ஸ்வெல் அவற்றைத் தேடியெடுத்துப் பதிப்பித்தது 1879ஆம் ஆண்டில். கவெண்டிஷிடம் செல்வமும் ஓய்வும் ஆய்வுகூடமும் இருந்தன. உண்மையை உலகுக்குச் சொல்ல வேண்டிய தேவை மட்டும் இருக்கவில்லை. ஓமிடம் அந்தத் தேவை இருந்தது, அவர் ஆசிரியர். அறிந்தது பிறருக்குச் சென்று சேரும்போதுதான் அறிவு சமுதாயத்தின் உடைமையாகிறது.

வெப்பமாகி மறையும் வலு

ஓமின் விதியோடு இணைத்துக் கற்க வேண்டியது மன்செஸ்டரையடுத்த ஸல்போர்ட் நகரத்து ஜேம்ஸ் ஜூலின் கண்டுபிடிப்பு. கம்பியில் ஓட்டம் பாயும்போது அது சூடாகிறது. அந்தச் சூட்டின் அளவு, ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்கினால் வருவது என்று அவர் 1840ஆம் ஆண்டையொட்டி நிறுவினார். ஓட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. மின்சாரத்தைத் தொலைதூரம் கொண்டுசெல்லும் கலை முழுவதும் இந்த ஒரு கணக்கின் மீதே நிற்கிறது.

நூறு கிலோவாற்று வலுவை ஒரு கம்பிவழியாக அனுப்ப வேண்டும். கம்பியின் மொத்தத் தடை ஓர் ஓம் என்று கொள்வோம். 230 வோல்ற்று அழுத்தத்தில் அனுப்புவதாயின் 435 அம்பியர் ஓட்டம் வேண்டும். அந்த ஓட்டத்தில் கம்பியில் வீணாகும் வலு 189 கிலோவாற்று. அனுப்ப நினைத்ததைவிட அதிகம். எனவே அது நடவாத காரியம். அதையே 11,000 வோல்ற்றில் அனுப்பினால் ஓட்டம் ஒன்பது அம்பியருக்குச் சற்று மேல். கம்பியில் வீணாவது 83 வாற்று மட்டுமே. உயரழுத்தக் கோபுரங்கள் மலைகளைத் தாண்டிச் செல்வதன் இரகசியம் இவ்வளவுதான்.

இந்தக் கணக்கைத் தென்னாடு விரைவிலேயே செயலிற் கண்டது. 1902ஆம் ஆண்டில் மைசூர் அரசு காவேரியின் சிவசமுத்திர வீழ்ச்சியில் மின்வலு எடுத்து, முப்பதாயிரம் வோல்ற்றையொட்டிய அழுத்தத்தில், ஏறத்தாழ 92 மைல் தூரம் கடத்தியது. எங்கே? பெங்களூர் வீதிகளுக்கன்று, கோலார் தங்கவயலுக்கு. பெங்களூர் வீதி விளக்குகள் 1905ஆம் ஆண்டில்தான் எரிந்தன. சுரங்கத்தின் ஆழத்தில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ் மக்கள். இயந்திரத்துக்கு முதலில், நகரத்துக்கு அடுத்து, தொழிலாளியின் குடிசைக்குக் கடைசியில் என்னும் வரிசையை அங்கேயே காண்கிறோம். அது மலைநாட்டிலும் மாறவில்லை.

தோட்டத்துக்கு வந்த மின்சாரம்

கோப்பிச் செடியை நோய் அழித்த பின் ஊவா மலைகளில் தேயிலை பரவியது. 1890ஆம் ஆண்டில் தம்பேதென்னையில் லிப்டன் தொழிற்சாலை எழுந்தது. புகையிரதம் 1893இல் அப்புத்தளையையும், மறு ஆண்டு பண்டாரவளையையும், 1924இல் பதுளையையும் எட்டியது. தேயிலைத் தொழிற்சாலைக்கு இயந்திர வலு இன்றியமையாதது. கொழுந்தை உருட்டும் உருளைகள், உலர்த்தும் அடுப்புக்குக் காற்றூதும் விசிறிகள், தூளைச் சலிக்கும் சல்லடைகள் யாவும் சுழல வேண்டும். தோட்டத்து ஓடையைத் தடுத்து, வாய்க்கால் வெட்டி, இரும்புக் குழாயில் இறக்கி, நீர்ச்சக்கரத்தையும் பின்னர் விசையாழியையும் சுழற்றினார்கள். இங்கிலாந்தின் கெண்டல் நகரத்து கில்க்ஸ் போன்ற கம்பனிகளின் விசையாழிகள் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்தன. சுழலும் தண்டோடு ஒரு தைனமோவைப் பூட்டினால் மின்சாரமும் கிடைத்தது. இவ்வாறு மலைநாடெங்கும் நூற்றுக்கணக்கான சிறு நீர்வலு நிலையங்கள் தோன்றின. வாய்க்காலை வெட்டியதும், குழாயைச் சுமந்ததும், கல்லை உடைத்ததும் யாருடைய கைகள் என்று சொல்ல வேண்டியதில்லை.

நாடு முழுவதற்குமாக இந்த நீர்வலுவைப் பயன்படுத்த வேண்டும் என்று கண்டவர் காலியிற் பிறந்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. 1912ஆம் ஆண்டில் நுவரெலியா நகருக்கு வெளிச்சம் தருவதற்காக நானுஓயாப் பக்கத்தில் பிளக்பூல் என்னுமிடத்துச் சிறு நிலையத்தை அமைத்தவர் அவர். 1918ஆம் ஆண்டில் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் அவர் வாசித்த கட்டுரை, மஸ்கெலியா, கெஹெல்கமு ஆறுகளின் வீழ்ச்சிகளிலிருந்து நாட்டின் கைத்தொழிலுக்கும் வீடுகளுக்கும் வலுப் பெறலாம் என்று கணக்கிட்டுக் காட்டியது. இரண்டாண்டுகள் கழித்து, உள்நாட்டுப் போரிற் சிதைந்து கிடந்த சோவியத் ருஷ்யா நாடு தழுவிய மின்மயத் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. அங்கே திட்டம் அரசின் முதற்கடமையாயிற்று. இங்கே லக்ஷபான வேலை 1924இல் தொடங்கி 1927இல் நிறுத்தப்பட்டது. பின்பு இழுபறியாக நடந்து 1950ஆம் ஆண்டிலேதான் அங்கு மின்சாரம் உற்பத்தியாயிற்று. கட்டுரைக்கும் விளக்குக்கும் இடையே 32 ஆண்டுகள். விமலசுரேந்திர அதனைக் கண்ணாரக் கண்டு, 1953இல் மறைந்தார்.

1950க்கு முந்திய இரண்டு ஆண்டுகளையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1948இல் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் அவர்களுடைய வாக்குரிமையைப் பறித்தது. 1950இல் மலைநாட்டு நீரிலிருந்து நாட்டுக்கு மின்சாரம் பிறந்தது. கிராமத்துக்கு விளக்கு வேண்டுமென்று பாராளுமன்ற உறுப்பினரை வற்புறுத்த வாக்காளன் இருந்தான். லயத்துக்கு விளக்கு வேண்டுமென்று வற்புறுத்த வாக்காளனே இல்லை. பதவி தேடி வருபவன் படலையைத் தட்டாத வீட்டுக்கு மின்கம்பம் தானாக நடந்து வருவதில்லை.

இருளின் நிறை எவ்வளவு?

தொழிற்சாலை ஒளிர்ந்தது, பங்களா ஒளிர்ந்தது, உத்தியோகத்தரின் குவாட்டர்ஸும் காலப்போக்கில் ஒளிர்ந்தது. சில நூறு யார் தூரத்தில் லயம் இருண்டு கிடந்தது. இதற்கு விஞ்ஞானக் காரணம் ஏதும் உண்டா? மேலே கற்ற விதிகளைக்கொண்டு நாமே கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஓர் உதாரணத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். 100 மீற்றர் உயரத்திலிருந்து நீர் இறங்கி 50 கிலோவாற்று தரும் நிலையம். 200 லயக் காம்பராக்கள். காம்பராவொன்றுக்கு 25 வாற்று விளக்கு இரண்டு. மொத்தத் தேவை 10 கிலோவாற்று. நிலையத்தின் வலுவில் ஐந்திலொரு பங்கு. மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை, அன்று பறித்த கொழுந்து மாடியிலுள்ள தட்டுக்களில் வாடிக்கொண்டிருக்க, உருளைகள் ஓய்ந்திருப்பது தோட்ட வழக்கம். அந்நேரத்து நீர் வீணே வழிந்தோடும். 10 கிலோவாற்றுக்கு எவ்வளவு நீர் வேண்டும்? இயந்திரங்களில் நாற்பது வீதம் வீணாகும் என்று கொண்டாலும், விநாடிக்கு 17 லீற்றர். இரண்டு வாளிக்கும் குறைவு.

அடுத்தது கம்பி. தொழிற்சாலையிலிருந்து லயங்களுக்கு 300 மீற்றர் தூரம். போகவும் வரவும் 600 மீற்றர் செம்புக் கம்பி. ஒப்பிடுவதற்கு எளிதாக இன்றைய 230 வோல்ற்றையே அழுத்தமாகக் கொண்டால், ஓட்டம் 43.5 அம்பியர். 35 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுள்ள கம்பியின் மொத்தத் தடை 0.29 ஓம். ஓட்டத்தைத் தடையாற் பெருக்கினால், வழியில் இழக்கும் அழுத்தம் 13 வோல்ற்றுக்கும் குறைவு. லயத்தில் 217 வோல்ற்று கிடைக்கும். விளக்குகள் நன்றாக எரியும். அந்தக் கம்பியின் நிறை என்ன? ஏறத்தாழ 190 கிலோகிராம்.

ஆக, அந்த இருளின் நிறை 190 கிலோ செம்பு. கம்பங்களையும் விளக்குகளையும் சேர்த்தாலும், தொழிற்சாலையில் ஓர் இயந்திரத்தை மாற்றும் செலவுக்குள் அடங்கியிருக்கும். இவ்வளவையும் கணக்கிடத் தெரிந்த பொறியியலாளர்கள் இருந்தார்கள். கணக்குத் தெரியாமையால் லயம் இருளில் கிடக்கவில்லை. தொழிற்சாலையில் எரியும் விளக்கு தேயிலையாக மாறுகிறது. லயத்தில் எரியும் விளக்கு ஒரு பிள்ளையின் பாடமாக மாறுகிறது. முன்னதற்குக் கொழும்பு ஏலத்தில் விலையுண்டு, பின்னதற்கு இல்லை. இலாபக் கணக்கின் விதி இது. ஓமின் விதியை இதற்குப் பொறுப்பாளியாக்க முடியாது.

இந்த இருளின் விலையை யார் கொடுத்தார்கள்? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட குப்பி விளக்கு, கூரையெல்லாம் கரி, பிள்ளையின் மூக்கிலும் கரி. விளக்குக் கவிழ்ந்தால் தீ. குப்பி விளக்காற் சுடப்பட்டு வைத்தியசாலைக்கு வரும் ஏழைகளின் துயரைக் கண்டு மனம் பொறாத சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, எளிதிற் கவிழாத, கவிழ்ந்தாலும் எண்ணெய் சிந்தாத ‘சுதீப’ விளக்கை உருவாக்கி நாடெங்கும் பரப்பினார். 1998ஆம் ஆண்டில் ரோலெக்ஸ் விருது அவருக்குக் கிடைத்தது. போற்றத்தக்க பணி. ஆயினும் நாடு சுதந்திரம் பெற்று ஐம்பதாவது ஆண்டில் ஒரு வைத்தியர் பாதுகாப்பான மண்ணெண்ணெய் விளக்குக்காகப் பாடுபட வேண்டியிருந்தது என்பதே அக்காலத்தின் மீது எழுதப்பட்ட தீர்ப்பு.

விளக்கு வந்த பின்னர்

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளுக்குச் சென்றது. தேசிய மின்வலை பரவப் பரவ, ஓடையோரத்து விசையாழிகள் பல துருப்பிடித்துக் கைவிடப்பட்டன. பிரஜாவுரிமையும் படிப்படியாக மீண்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடற்றவர் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. லயங்களுக்கு மின்சாரம் பரவலாக வந்ததும் இந்தக் காலப்பகுதியிலேதான். வாக்கும் விளக்கும் ஏறக்குறைய ஒன்றாகத் திரும்பி வந்தன என்பது சிந்திக்கத் தக்கது.

ஆனால் கம்பி வந்துவிட்டால் கதை முடிந்ததாகாது. வீட்டுக்கும் நிலத்துக்கும் உறுதியில்லாத தொழிலாளி, தன் பெயரில் இணைப்புப் பெறத் தோட்ட நிர்வாகத்தின் சம்மதத்தை நாடி நிற்க வேண்டும். அது கிடைக்காதபோது பக்கத்துக் காம்பராவிலிருந்து மெல்லிய கம்பியொன்று இழுக்கப்படுகிறது, அங்கிருந்து அடுத்ததற்கு. இவ்வாறு நூறு மீற்றர் நீளத்துக்கு ஒரு சதுர மில்லிமீற்றர் கம்பி சென்றால் அதன் தடை, இரு வழியும் சேர்த்து, ஏறத்தாழ 3.4 ஓம். 10 அம்பியர் ஓட்டம் பாய்ந்தால் 34 வோல்ற்று வழியிலேயே போய்விடும். கடைசிக் காம்பராவுக்கு 196 வோல்ற்று. இழைவிளக்கின் வலு அழுத்தத்தின் வர்க்கத்தையொட்டிக் குறைவதால் வெளிச்சம் மங்கிச் சிவக்கும். கட்டணம் ஒன்றே, ஒளி மட்டும் குறைவு.

இதனினும் பெரிய ஆபத்து மூட்டுக்களில் இருக்கிறது. முறுக்கிக் கட்டிய மூட்டொன்று தளர்ந்து, அதன் தடை ஓர் ஓமாக உயர்ந்ததென வைத்துக்கொள்வோம். 10 அம்பியரில் அங்கே பிறக்கும் வெப்பம் 100 வாற்று. விரல் நுனியளவு இடத்தில். பலகையும் பழந்துணியும் பற்றிக்கொள்ள அது போதும். பியூஸ் போய்விட்டது என்று அதற்குள் தடித்த கம்பியைச் செருகினால், உயிரைக் காக்க வைத்த காவற்காரனைக் கட்டிப்போட்டதாகும். ஒரே கூரையின் கீழ் இருபது, இருபத்துநான்கு குடும்பங்கள் வாழும் லயத்தில் ஒரு காம்பராவிற் பற்றும் தீ எல்லாவற்றையும் விழுங்குகிறது. மறுநாட் பத்திரிகை ‘மின்னொழுக்குக் காரணம்’ என்று எழுதுகிறது. மின்னொழுக்கு உடனடிக் காரணம் மட்டுமே. ஒரு குடும்பத்துக்கென்று நூறாண்டுக்கு முன் கட்டிய காம்பராவில் மூன்று தலைமுறை வாழ்வதும், அவரவர்க்குத் தனி இணைப்பும் ட்ரிப் சுவிட்சும் இல்லாமையும் அதன் மூல காரணங்கள்.

ஊவாவின் நீர் இன்று பெரிய வலுவைத் தருகிறது. வளவை கங்கைப் படுகையில் 1992ஆம் ஆண்டில் 120 மெகாவாற்று சமனலவெவ நிலையம் எழுந்தது. 2024ஆம் ஆண்டில் அதே அளவு வலுவுள்ள உமாஓயாத் திட்டம் திறந்து வைக்கப்பட்டது. அதன் சுரங்கம் தோண்டப்பட்டபோது பண்டாரவளைச் சுற்றுவட்டாரத்துக் கிணறுகள் வற்றின. ஹல்துமுல்லைப் பிரிவுக்குட்பட்ட மீரியபெத்தையில் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று நிபுணர்கள் முன்னரே எச்சரித்திருந்தார்கள். கவெண்டிஷின் பெட்டியில் உறங்கிய தாள்களால் எவரும் இறக்கவில்லை. நமது அலுவலகங்களில் உறங்கும் தாள்களைப் பற்றி அவ்வாறு சொல்ல முடியுமா?

ஆசிரியர் செய்யக்கூடியது

வகுப்பறையில் இவ்விதியைக் கற்பிக்கும்போது, சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதி, மூன்று கணக்குகளைச் செய்வித்து, அடுத்த பாடத்துக்குப் போய்விடுவது எளிது. அதனோடு நின்றுவிட வேண்டாம் என்பதே நமது வேண்டுகோள். மாணவன் தன் காம்பராவில் உள்ள விளக்கின் மீதும் கேத்திலின் மீதும் எழுதப்பட்ட வாற்றுக்களைக் குறித்து வரட்டும். அவற்றைக் கூட்டி 230ஆல் வகுத்து, வீட்டுக் கம்பியில் எத்தனை அம்பியர் பாய்கிறது என்று கண்டறியட்டும். அந்தக் கம்பி அவ்வளவைத் தாங்குமா என்று கேட்கட்டும். தாங்காதென்று கண்டால், அந்தக் கணக்குத் தாளே ஒரு விண்ணப்பமாகிவிடும். அயலவர் இருபது பேருடைய தாள்கள் சேர்ந்தால், அது எந்த அலுவலகமும் எளிதில் ஒதுக்கித்தள்ள முடியாத கோரிக்கையாகும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: உயிருள்ள கம்பியை மாணவன் தொடக்கூடாது, எழுத்தையும் கணக்கையும் மட்டுமே அவன் கையாள வேண்டும்.

பூட்டுத் தொழிலாளியின் மகன் பாடசாலை ஆய்வுகூடத்தில் எட்டுக் கம்பிகளை வைத்துக்கொண்டு கண்ட உண்மை, கொழுந்து பறிக்கும் தாயின் மகளுக்கும் உரியது. அவள் வோல்ற்றையும் அம்பியரையும் பெருக்கி வலுவைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வாள். அதன் பின், இத்தனை வலுவைத் தந்த இந்த மலையின் நீர் இவ்வளவு காலமும் யாருக்காக ஓடியது என்ற கேள்வியையும் அவளே கேட்பாள். அவளுக்கு முதற் கணக்கைக் கற்பிப்பது ஆசிரியர் கடமை. இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல வேண்டியது நாம் எல்லோரும்.